என் கைக்கு ஏற்ற துப்பாக்கி

என் கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த பிறகு உரிமம் எடுத்து ஒரு ரிவால்வர் வாங்கினார். அவர் இறந்ததும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என்னோடு அதே வீட்டில் இருக்கும் நாத்தனார் விடவில்லை. அண்ணன் ஆசையாக வாங்கியது வெளியே போகக் கூடாது என்று பிடிவாதமாக நின்றாள். வாரிசு என்ற முறையில் உரிமம் என் பெயருக்கு மாறியது. அதற்காக ரைபிள் கிளப்பில் போய்ச் சில நாட்கள் பயிற்சியும் எடுத்தேன். அப்போது என் கை இவ்வளவு மோசமில்லை. அதன் பிறகு ரிவால்வர் பீரோவுக்குள் போனது. நானும் அதை மறந்துபோனேன்.

எங்கள் வீடு கீழக்குயில்குடிக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் கல் ஊன்றிய மனைகள். பாதிக்கு மேல் இன்னும் யாரும் வீடு கட்டவில்லை. பின்புறம் ஒரு தென்னந்தோப்பு. அதற்குள் ஒரு ஓட்டு வீடு. அங்கே கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் இருந்தார்கள். அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். எனக்கு இருக்கும் அதே முடக்குவாதம் அவருக்கும் இருந்தது. எனக்குக் கொஞ்சம் முந்தியே வந்துவிட்டது.

இரண்டு பேருக்கும் ஒரே டாக்டர். ஒரே ஆட்டோவில் போவோம். போகும்போது கையைக் கையோடு வைத்துப் பார்ப்போம். "உனக்கு ஆள்காட்டி விரல்தான் கோணுது. எனக்கு அஞ்சும் போச்சு" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அவர் கையில் நான்கு தங்க வளையல்கள் கிடந்தன. முட்டி வீங்கிப்போனதால் அவற்றைக் கழற்ற முடியாது. சோப்புப் போட்டுப் பார்த்தாயிற்று, எண்ணெய் போட்டுப் பார்த்தாயிற்று. "என்னையத் தூக்கிட்டுப் போறப்பத்தான் இதுவும் கழலும்" என்று ஒருநாள் ஆட்டோவில் சொன்னார். ஆட்டோக்காரர் திரும்பி, "என்னம்மா காலையிலயே இப்படிப் பேசுறீங்க" என்றார்.

ஒரு காலையில் பால் கொண்டுவருகிறவர் பாத்திரத்தைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றார். தோப்பு வீட்டில் கதவு திறந்து கிடப்பதாகச் சொன்னார். கூப்பிட்டால் யாரும் வரவில்லையாம். நாத்தனார் ஓடினாள். நான் அடுப்பில் இருந்த பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பி வரும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அடுப்பை அணைத்தேன். அதன் பிறகு நான் அங்கே போகவே இல்லை.

இரண்டு பேரையும் கட்டிப் போட்டுக் கொன்றிருந்தார்கள். வளையல்களைக் கட்டரால் அறுத்து எடுத்திருந்தார்கள். இதை நாத்தனார் எனக்குச் சொன்னபோது நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தேன். இன்னொரு டம்ளரை எடுத்தேன்.

போலீஸ் வந்தது. நாய் வந்தது. அது எங்கள் வேலி வரை மோப்பம் பிடித்து வந்துவிட்டு, சாலைப் பக்கம் திரும்பிப் போய் நின்றுவிட்டது. ஊர் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. துபாயில் இருந்த அவர்கள் மகன் மறுநாள் வந்தான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அவன் என் முன்னால் வந்து நின்றபோது, "சாப்ட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டேன். நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எனக்குள் என்னவோ நின்றுபோனது. சோறு உப்பில்லாமல் இருந்தாலும் தெரியாது. பெங்களூரிலிருந்து மகள் தினமும் போனில் பேசினாள். "அம்மா, பூட்டிட்டு இங்க வந்துருங்க" என்றாள். சரி என்றேன். அடுத்த நாளும் சரி என்றேன். போகவில்லை. போக மாட்டேன் என்று முடிவெடுத்து இருந்ததாகவும் சொல்ல முடியாது. ஒரு பையில் துணி எடுத்து வைக்க வேண்டும் என்றால், அது பெரிய வேலையாகத் தெரிந்தது.

நாத்தனார் அப்படி இல்லை. அவள் பயந்தாள், பயந்ததால் வேலை செய்தாள். கேமரா வைத்தாள். பின்கதவுக்கு இரும்புப் பட்டை போட்டாள். சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் அமைப்பாளராக இருந்தவள். ஒரு வேலையை எடுத்தால் முடிக்காமல் விட மாட்டாள். ஒரு மத்தியானம் பீரோவைத் திறந்து ரிவால்வரை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"மதினி, இதை அமுக்குங்க பாப்போம்."

குண்டு இல்லை என்று இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திருப்பி அமுக்கினேன். விசை கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது. ஆள்காட்டி விரலில் முட்டிக்கு மேலே நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. இன்னொரு கை விரலையும் சேர்த்து இழுத்தேன். ரிவால்வரின் முனை சுவரை விட்டு விலகி ஜன்னல் பக்கம் போனது. விசை மட்டும் வரவில்லை.

"இந்தக் கட்டையைப் பின்னால இழுத்துட்டு அமுக்குனா லேசா இருக்கும்னு அண்ணன் சொல்லும்," என்றாள். கட்டை என்று அவள் சொன்னது பின்னால் இருக்கும் சுத்தியலை. அதைக் கட்டை விரலால் இழுக்க வேண்டும். எனக்குக் கட்டை விரலின் அடிமூட்டுதான் முதலில் போனது. பாட்டில் மூடி திறக்கவே அவளைத்தான் கூப்பிடுவேன்.

"உனக்கு வருதா பாரு," என்றேன். பிறகு கையை நீட்டித் தடுத்துவிட்டேன். "வேணாம். உரிமம் என் பேர்லதான் இருக்கு."

அவள் கொஞ்ச நேரம் ரிவால்வரையே பார்த்துக்கொண்டு இருந்தாள். "கண்ணாடி சேரலைன்னா வேற கண்ணாடி மாத்துறோம்ல. இதையும் மாத்த முடியாதா?"

இப்படித்தான் அது ஆரம்பித்தது. எனக்கு வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

முதலில் டாக்டரிடம் போனோம். துப்பாக்கியை மாற்ற அனுமதி கேட்டால் உடல்தகுதிச் சான்று கேட்பார்களாம். டாக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

"போன மாசம் காய் நறுக்கக் கத்தி பிடிக்க முடியலன்னு சொன்னீங்களேம்மா."

"கத்தியைப் பிடிச்சு அழுத்தணும் டாக்டர். எனக்கு அழுத்தாம வேலை செய்யிறது ஒண்ணு வேணும்."

அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அக்காவுக்கும் அவர்தான் மருந்து எழுதியவர். "காலையில எந்திரிச்சதும் கை எம்புட்டு நேரம் விறைப்பா இருக்கு?" என்று கேட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றேன். "அந்த நேரத்துல அதைத் தொடாதீங்க. கை உங்க பேச்சைக் கேக்காது," என்றார். சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

துப்பாக்கிக் கடை பழைய நகரத்துக்குள், வளையல் கடைகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவில், ஒரு மாடிப்படிக்கு மேலே இருந்தது. நான் படியேறி முடிக்க நேரமானது. உள்ளே கண்ணாடி அலமாரியில் நீளத் துப்பாக்கிகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. கடைக்காரர் பாய் எழுந்து நின்றார். என் வயதுதான் இருக்கும்.

"வாங்கம்மா, உக்காருங்க. விக்கிறதுக்கா?"

"வாங்குறதுக்கு," என்றாள் நாத்தனார்.

"மாப்பிள்ளைக்கா?"

"இவுகளுக்கு," என்று என்னைக் காட்டினாள்.

அவர் என் கையைப் பார்த்தார். டீ வாங்கி வரச் சொன்னார். டீ வந்ததும் நான் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடிப்பதையும் பார்த்தார். பிறகு தோப்பு வீட்டு விஷயத்தைக் கேட்டார். பேப்பரில் படித்திருக்கிறார். "நீங்க அந்தப் பக்கமா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "யா அல்லாஹ்," என்று மெதுவாகச் சொன்னார்.

முதலில் ஒரு புதிய ரிவால்வரை எடுத்துத் திறந்து, காலியாக இருப்பதைக் காட்டிவிட்டுக் கொடுத்தார். என்னிடம் இருந்ததைவிட விசை கொஞ்சம் இளக்கம். ஒரு முறை அமுக்கிவிட்டேன். இரண்டாவது முறை முடியவில்லை. "ஒருவாட்டி போதாதா?" என்றாள் நாத்தனார். "போதாதும்மா," என்றார் அவர். "முத வெடி எங்க போகும்னு யாருக்கும் தெரியாது."

அடுத்து ஒரு பிஸ்டல். அதில் விசை நல்ல இளக்கம்தான். ஆனால் சுடுவதற்கு முன்னால் மேல்பகுதியைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். உள்ளே கெட்டியான ஸ்பிரிங். என் பிடிக்கு அது அசையவே இல்லை. கை வழுக்கி வழுக்கி வந்தது. கையால் இழுக்காதீர்கள், ஒரு கையை அப்படியே வைத்துக்கொண்டு துப்பாக்கியைப் பிடித்த கையை முன்னால் தள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். பாதி தூரம் வந்தது. பாதி வந்து நின்றால் அது சிக்கிக்கொள்ளுமாம்.

நாத்தனாருக்கு அலமாரியில் இருந்த ஒரு குட்டிப் பிஸ்டல் பிடித்துப்போனது. "இது பாருங்க, பர்ஸுக்குள்ள போயிரும்." பாய் சிரித்தார். "சின்னதா இருந்தா லேசுன்னு எல்லாரும் நினைப்பாங்கம்மா. சின்னதுதான் கையை அதிகமா அடிக்கும். பிடிக்கவும் இடம் இருக்காது." ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். விசையைச் சுற்றி இருக்கும் வளையத்துக்குள் என் விரல் போனது. முட்டி உள்ளே போய்விட்டு வெளியே வர மறுத்தது. மோதிரம் சிக்கிக்கொள்வது மாதிரி. நாத்தனார் பதறிப்போய் எழுந்துவிட்டாள். பாய் என் மணிக்கட்டைத் தொடாமல், "மெதுவா, மெதுவா, திருப்பி எடுங்க," என்றார். எடுத்தேன். தோல் கொஞ்சம் வழன்றிருந்தது. அப்போது அக்காவின் வளையல்கள் ஞாபகம் வந்தன. வந்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மிச்ச டீயைக் குடித்தேன்.

அவர் உள்ளே போய் ஒரு துணிப்பொதியோடு வந்தார். பழைய வெளிநாட்டுப் பிஸ்டல். மலைப்பக்கம் எஸ்டேட் வைத்திருந்த யாரோ ஒருவருடையது. அவர் பிள்ளைகளுக்கு வேண்டாமென்று இங்கே விற்றுவிட்டார்களாம். கைக்கு அடக்கமாக, ஆனால் பிடி தடிமனாக இருந்தது. பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்பி. அதைத் தள்ளினால் குழலின் பின்பக்கம் தானாக மேலே தூக்கிக்கொண்டது. அதற்குள் ஒரு குண்டை விரலால் போட்டுவிட்டுக் குழலை அமுக்கி மூடினால் போதும். மேல்பகுதியைப் பிடித்து இழுக்கவே வேண்டாம்.

"நெம்பியை நகத்தால தள்ளாதீங்க, விரல் பக்கத்தால தள்ளுங்க," என்றார். தள்ளினேன். குழல் தூக்கிக்கொண்டது. மூடினேன். மறுபடியும் தள்ளினேன். வளையத்துக்குள் ஆள்காட்டி விரல் இடிக்காமல் போய் வந்தது. ஆனால் அந்த விரலில் பலம் இல்லை. "நடுவிரல் எப்படி?" என்றார். நடுவிரல் எனக்கு நேராகத்தான் இருக்கிறது. அதை வைத்து இழுத்தேன். டக் என்றது. திரும்ப இழுத்தேன். டக். திரும்ப. எத்தனை முறை இழுத்தேன் என்று தெரியாது. நாத்தனார்தான் என் தோளைத் தொட்டு, "போதும் மதினி," என்றாள்.

பழைய ரிவால்வரைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு முடிந்தது. கொண்டு போயிருந்த ரிவால்வரை மேசையில் விட்டுவிட்டு எழுந்தபோது நாத்தனார்தான் அழுதாள். அவள் அண்ணன் ஞாபகம் அவளுக்கு. நான் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். மூடியை அவள்தான் திறக்க வேண்டியிருந்தது.

அனுமதி வர நாளானது. அது வருவதற்குள், தோப்பு வீட்டில் கொன்றவர்கள் வேறொரு மாவட்டத்தில் வேறொரு திருட்டில் பிடிபட்டார்கள். டிவியில் முகத்தை மூடிக் கூட்டிப் போனார்கள். எனக்கு அந்தப் பிஸ்டல் இனிமேல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிஸ்டல் வந்ததும் அதை எங்கே வைப்பது என்று பிரச்சனை. பீரோவில் இருந்தால் பூட்டைத் திறக்கவே எனக்கு நேரமாகும். நாத்தனார் தையல் மெஷினில் உட்கார்ந்து கெட்டித் துணியில் ஒரு இடுப்புப் பை தைத்தாள். முதலில் சுருக்குக் கயிறு வைத்துத் தைத்தாள். என் விரலால் கயிற்றை இளக்க முடியவில்லை. அதைப் பிரித்துவிட்டுப் பட்டன் வைத்தாள். அதுவும் முடியவில்லை. கடைசியில் செருப்பில் வருகிற ஒட்டுப்பட்டையை வைத்தாள். கையின் பக்கவாட்டால் தட்டினாலே பிரிந்துகொண்டது. சேலை மடிப்புக்குள் கட்டிக்கொண்டு திருப்பரங்குன்றம் பஸ்ஸில் போனேன். மார்க்கெட்டுக்குப் போனேன். வெற்றிலைப் பை என்றுதான் பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள்.

ரைபிள் கிளப்பில் வாரம் ஒருநாள் சுட்டேன். இரண்டு கையாலும் பிடித்து, நடுவிரலால். பத்தடி தூரத்தில் தாளின் நடுவில் விழுந்தது. பயிற்சி கொடுப்பவர், "பயப்படாம சுடுறீங்கம்மா," என்று பாராட்டினார். பயம் இல்லை என்பது உண்மைதான். வேறு எதுவுமே இல்லையென்று அவரிடம் சொல்லவில்லை.

அந்த வெயில் காலத்தில் ஒரு பகல். நாத்தனார் சோழவந்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நான் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பின்பக்க வேலியில் கம்பி அசையும் சத்தம் கேட்டது. எழுந்து சமையலறைக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தோப்புப் பக்கமிருந்து ஒரு ஆள் வேலிக் கம்பியைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்துகொண்டிருந்தான். தலையில் துண்டு, முகம் தெரியவில்லை.

கையின் பக்கவாட்டால் பையைத் தட்டினேன். பட்டை பிரிந்தது. பிஸ்டல் கையில் இருந்தது. நெம்பியைத் தள்ளி, பையில் இருந்த குண்டைப் போட்டுக் குழலை மூடினேன். எல்லாம் கிளப்பில் செய்வது மாதிரியே நடந்தது. கையில் வலிகூட இல்லை. இரும்புப் பட்டையை முழங்கையால் தள்ளிக் கதவைத் திறந்து, வாசற்படியில் நின்று, அவன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தேன். நடுவிரல் வளையத்துக்குள் இருந்தது.

"அத்தே," என்றான் அவன். துண்டு நழுவியது.

அக்காவின் மகன். தோப்பை விலை பேச துபாயிலிருந்து வந்திருக்கிறான். சின்ன வயதிலிருந்து அந்த வேலி வழியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வருவான். சாலையைச் சுற்றி வர வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது.

நான் பிஸ்டலை இறக்கினேன் என்று உடனே சொல்ல ஆசையாக இருக்கிறது. அவன் முகம் தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். விரலை வெளியே எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. அதை விரலுக்கு எங்கோ தூரத்திலிருந்து சொல்லி அனுப்புவது மாதிரி இருந்தது. பிறகு விரலை எடுத்தேன். குழலைத் திறந்து குண்டை வெளியே எடுத்தேன். அது கீழே விழுந்து படியில் உருண்டது. அவன் குனிந்து எடுத்து என்னிடம் கொடுத்தான்.

"உள்ள வாப்பா," என்றேன்.

உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன். அவன் ஒரே மூச்சில் குடித்தான். பிஸ்டல் மேசையில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

"உங்க கைக்கு எப்படித்தே இது முடியுது?"

சொன்னேன். ரிவால்வர் முடியாமல் போனது, மேல்பகுதியை இழுக்க முடியாமல் போனது, விரல் சிக்கியது, நடுவிரலால் இழுப்பது, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மிக்சி வாங்கின கதையைச் சொல்வது மாதிரிச் சொன்னேன். அவன் கவனமாகக் கேட்டான். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்.

"அம்மாகிட்ட இது இருந்துருந்தா, அம்மாவால முடிஞ்சிருக்குமா?"

ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கையை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஆட்டோவில் எத்தனையோ தடவை என் கையோடு வைத்துப் பார்த்த கை.

"முடியாதுப்பா," என்றேன். "அக்காவுக்கு அஞ்சு விரலும் மடங்காது. நெம்பியைத் தள்ளவே முடிஞ்சிருக்காது. எதை வாங்கிக் குடுத்துருந்தாலும் முடியாது."

"நான் துபாய்ல இருந்து போன் பண்றப்பல்லாம் கேமரா வைங்க, நாய் வளருங்கன்னு மட்டும்தான் சொல்லுவேன். வேற என்னமாச்சும் செஞ்சிருக்கணுமோன்னு..."

"நீ செய்யிறதுக்கு ஒண்ணும் இல்ல."

அவன் மேசையில் தலையை வைத்து அழுதான். முதுகு குலுங்கியது. நான் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்று முதுகில் கையை வைத்தேன். என் உள்ளங்கை முழுதாக விரியாது. விரல்கள் வளைந்தபடியே இருக்கும். அப்படியே வைத்திருந்தேன். சட்டை வியர்வையில் நனைந்து சூடாக இருந்தது. அந்தச் சூடு எனக்குத் தெரிந்தது. அக்கா இறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த முதல் சூடு அது என்று நினைக்கிறேன். கண்ணீர் வரவில்லை. ஆனால் பசித்தது. மத்தியானம்தான் சாப்பிட்டிருந்தேன். இருந்தும் பசித்தது. இருந்த சோற்றை இரண்டு தட்டில் போட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். குழம்பில் புளி அதிகம் என்று அவன் சொன்னான். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

சாயங்காலம் நாத்தனார் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவள் புடவையைக்கூட மாற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "விரல் உள்ள இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்தது என்றேன். அன்றிலிருந்து வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் தெருமுனையிலேயே, "மதினி, வாரேன்," என்று சத்தம் போட்டுக்கொண்டுதான் வருவாள்.

தேர்தல் அறிவித்தபோது, உரிமம் வைத்திருக்கும் எல்லோரையும் போல நானும் பிஸ்டலைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். இடுப்புப் பை இல்லாமல் நடந்தபோது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது. தேர்தல் முடிந்ததும் மற்றவர்கள் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நான் உடனே போகவில்லை. நாத்தனார் இரண்டு முறை கேட்டாள், பிறகு விட்டுவிட்டாள். காவலர் ஒருவர் போனில் கூப்பிட்டு, "அம்மா, எங்களுக்கும் வைக்க இடம் இல்லம்மா," என்ற பிறகுதான் போனேன். வாங்கி, அங்கிருந்து நேராக ஆட்டோ பிடித்து, பாயின் கடைப் படியில் மெல்ல ஏறி, அவர் மேசையில் வைத்தேன்.

"கைக்குச் சேரலையாம்மா?" என்றார்.

"நல்லாச் சேருது," என்றேன். "அதான்."

அவர் டீ வாங்கி வரச் சொன்னார்.